கையெழுத்து யார் கையில்? சிரிப்பு நடிகர்களின் ஆவணங்களைச் சேகரிப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் அந்த ஆவணம் இருப்பதில்லை. ஒப்பந்தம் தயாரிப்பாளரிடம் போய்விடும். புரோநோட்டு வட்டிக்காரரிடம். வாக்குமூலம் கோர்ட்டில். மனு சர்க்கார் கோப்பில். ஆட்டோகிராஃப் ரசிகரின் நோட்டில். போட்ட கணத்திலேயே போட்டவரின் கையைவிட்டுப் போய்விடுகிற பொருள் கையெழுத்து. பழைய சினிமா நடிகர்களின், குறிப்பாகச் சிரிப்பு நடிகர்களின், கையெழுத்திட்ட தாள்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கத்தைப் பற்றி யோசிக்கும்போது இந்தச் சின்ன விஷயத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஒருவரின் எழுத்தைச் சேகரிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் நமக்கு வந்து சேர்வது, அந்த எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டவர்களின் பெட்டி.

மேற்கில் இது பெரிய சந்தை. லாரல்–ஹார்டி ஜோடி கையெழுத்திட்ட புகைப்படங்கள், கடிதங்கள், ஸ்டுடியோ ஒப்பந்தங்கள் எல்லாம் விலைக்குப் போகின்றன. ஸ்டான் லாரல் 1965இல் இறக்கும்வரை சான்டா மோனிகாவில் தன் பெயரையும் எண்ணையும் டெலிபோன் டைரக்டரியில் போட்டு வைத்திருந்தார். வந்த கடிதங்களுக்குத் தானே உட்கார்ந்து பதில் எழுதினார். அந்தக் கடிதங்களில் இருப்பது ஒரு மனிதரின் உபசரிப்பு. ஒப்பந்தங்களில் இருப்பது வேறு. ஹால் ரோச் ஸ்டுடியோ இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டிருந்தது. இரண்டும் முடிகிற தேதிகள் வேறு வேறு. ஆகவே இருவரும் ஒன்றாக நின்று சம்பளம் பேச முடியாது. திரையில் பிரிக்க முடியாத ஜோடி, தாளில் பிரித்து வைக்கப்பட்ட இரண்டு கூலியாட்கள். பின்னாளில் அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியபோது அவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

இப்படி ஓர் ஒப்பந்தத்தை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர் தாளின் அடிப்பகுதியைப் பார்க்கிறார். அங்கேதான் கையெழுத்து இருக்கிறது, அதற்குத்தான் விலை. மேலே இருக்கிற பத்திகளில்தான் அந்தக் கை எதற்குக் கட்டுப்பட்டது என்பது இருக்கிறது. கையெழுத்தை வழிபடுகிற சேகரிப்புக்கும் கையெழுத்தின் மேலே உள்ளதை வாசிக்கிற சேகரிப்புக்கும் உள்ள வித்தியாசம் ரசனை வித்தியாசம் இல்லை, அரசியல் வித்தியாசம். ஹார்டி 1957 ஆகஸ்ட் 7இல் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி சென்னையில் என்.எஸ்.கிருஷ்ணன் இறந்தார். அங்கே சந்தையாகிப்போன கேள்வி இங்கே இன்னும் கேள்வியாகக்கூட எழவில்லை என்பதால் அவரிடமிருந்து தொடங்கலாம்.

2

என்.எஸ்.கே.யை ‘இந்தியாவின் சார்லி சாப்ளின்’ என்று சொல்லிச் சொல்லியே நாம் அவரைப் படிக்காமல் விட்டுவிட்டோம். பட்டம் கொடுத்தாயிற்று, இனி என்ன படிக்க? 1930களில் சினிமாவில் தொடங்கிய இவர், தமிழ்ச் சினிமாவில் சிரிப்பைத் தனி உற்பத்தியாக நடத்தினார். காட்சியை இவரே யோசிப்பார், இவர் குழுவே எழுதும், டி.ஏ.மதுரமும் மற்றவர்களும் நடிப்பார்கள், அது போய்ப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு படத்துக்குள் இன்னொரு சின்னப் படம். ‘காமெடி டிராக்’ என்று பிற்பாடு இளக்காரமாகப் பேசப்பட்டதன் வேர் இதில் இருக்கிறது. கதாநாயகனின் கதைக்குக் கட்டுப்படாமல் ஒரு மாற்றுக் கதையாடலை நடத்த இடம் கொடுத்ததும் இதுதான். எந்த நேரத்திலும் வெட்டி எடுத்துவிடலாம் என்ற நிலையில் சிரிப்பு நடிகரை வைத்ததும் இதுதான். சிரிப்புக் காட்சிகளை மட்டும் நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே தொலைக்காட்சி அலைவரிசைகள் வந்தபோது இந்த வெட்டு முழுமையடைந்தது.

இப்படிப்பட்ட நடிகரின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும்? நடிப்புக்கு மட்டும் சம்பளமா, எழுதியதற்குமா? கூட நடித்தவர்களுக்கு யார் கொடுப்பது? காட்சி யாருக்குச் சொந்தம்? தமிழ்ச் சினிமா வரலாறு என்ற பெயரில் வந்துள்ள பெரும்பாலான எழுத்து இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. வள்ளல் குணம், நகைச்சுவை உணர்வு, கடைசிக் காலத்து வறுமை என்று மூன்று அத்தியாயத்தில் ஒரு நீதிக்கதை முடிந்துவிடுகிறது. சந்திரபாபுவுக்கும் இதே மூன்று அத்தியாயம்தான்: திறமை, திமிர், வீழ்ச்சி. எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றதும் அவர் கடனாளியானதும் ‘தலைவிதி’ என்று சொல்லப்படுகின்றன. முன்பணம், கால்ஷீட், கடன் பத்திரம் ஆகிய மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரு தொழிலின் விதியாகத் தெரியக்கூடும். ஆவணம் இல்லாத இடத்தில் நீதிக்கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என்.எஸ்.கே.யின் வாழ்க்கையில் ஒரு கையெழுத்து பெரிய வேலை செய்தது. 1940களில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையாவது அச்சிடுவார். அச்சிடாமலிருக்கக் காசு வாங்குவார் என்பது அன்று ஊரறிந்த பேச்சு. எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், கோவை சினிமா அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் அந்தப் பத்திரிகையின் உரிமத்தை ரத்துச் செய்யக் கோரிச் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் ‘இந்துநேசன்’ பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8இல் சென்னையில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். மனுக் கொடுத்த மூவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆனார்கள்.

ஒரு தாள் எப்படிப் பொருள் மாறுகிறது என்று பாருங்கள். சட்டத்தை நம்பி, சட்டத்தின் வழியில், கீழே பெயரெழுதிக் கொடுத்த விண்ணப்பம் அது. கொலை நடந்த மறுநாளே அதை ‘இவர்களுக்குப் பகை இருந்தது’ என்று வாசிக்க முடிகிறது. தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வைத்திருப்பவர் வாசிக்கும் தேவை மாறிவிட்டது. 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்ற மேல்முறையீடு தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் இருவரும் வெளியே வந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் வெளியே இருந்து வேலை செய்தவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழு நடந்தது. வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டும் நோக்கத்தோடு ‘பைத்தியக்காரன்’ படம் எடுக்கப்பட்டு 1947இல் வெளியானது. விடுதலையாகி வந்த என்.எஸ்.கே.யும் அதில் சேர்ந்துகொண்டார். வக்காலத்து, நாடகக் கொட்டகை வாடகை, நடிகர் சம்பளம், படத் தயாரிப்பு என்று எத்தனை தாளில் அந்த அம்மாவின் பெயர் வந்திருக்க வேண்டும்! ஆனால் சேகரிப்பாளர்களின் தேடுபட்டியலில் ‘என்.எஸ்.கே. கையெழுத்து’ இருக்கும், மதுரம் ‘ஜோடி’ என்ற இடத்தில் மட்டும் வருவார். சி.டி.ராஜகாந்தம், அங்கமுத்து, டி.பி.முத்துலட்சுமி ஆகியோர் அந்த இடத்துக்கும் வருவதில்லை. பெண்ணின் சிரிப்பைப் பார்க்கத் தயாராக இருந்த சமூகம், அவள் கையெழுத்துப் போடக்கூடியவள், கம்பெனி நடத்தக்கூடியவள் என்பதைக் கணக்கில் வைக்கத் தயாராக இல்லை.

3

லட்சுமிகாந்தன் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. பத்திரிகைக்காரர் ஆவதற்கு முன்பே மோசடிப் பத்திரம் தயாரித்த வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர் அவர். பிறர் கையெழுத்தைப் போடுவது, பிறர் மானத்தை அச்சிடுவது ஆகிய இரண்டு தொழிலுக்கும் இடையே உறவில்லை என்று சொல்ல முடியுமா? இரண்டுமே ஒருவரின் பெயரை அவரிடமிருந்து கழற்றி எடுத்துப் பயன்படுத்துவது.

தெரிதா 1971இல் மான்ட்ரியாலில் வாசித்த ‘கையெழுத்து நிகழ்வு சூழல்’ என்ற கட்டுரை இதைத்தான் தத்துவமாக்குகிறது. கையெழுத்து ஒரு முறை மட்டும் நிகழ்வது, போட்டவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி என்று நம்புகிறோம். ஆனால் அது கையெழுத்தாகச் செல்ல வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி போடப்படக்கூடியதாக இருக்க வேண்டும். திரும்பப் போட முடிந்ததை இன்னொருவரும் போட முடியும். ஆக, போலி செய்யும் சாத்தியம் கையெழுத்துக்கு வெளியிலிருந்து வரும் விபத்து இல்லை, உள்ளேயே இருப்பது. கட்டுரையின் முடிவில் தெரிதா தன் கையெழுத்தைத் தானே போலி செய்து வைப்பது போல ஒரு விளையாட்டும் காட்டுகிறார். நல்ல காமெடி நடிகர் செய்யக்கூடிய வேலைதான் அது.

சேகரிப்புச் சந்தை இந்தத் தத்துவத்தைத் தெரியாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறது. நட்சத்திரங்களுக்கு வரும் கடிதங்களுக்கு உதவியாளர் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எல்லா ஊரிலும் நடந்ததுதான். படத்தோடு சேர்த்து அச்சடித்த கையெழுத்தும் உண்டு. அதைப் பொக்கிஷமாக வைத்திருந்த ரசிகரின் சந்தோஷம் போலியா? இல்லை. அந்த உறவு உண்மை. போலியாவது விலை மட்டுமே. ‘அசலா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு சந்தை நின்றுவிடுகிறது. நாம் கேட்கவேண்டியது ‘எதற்காக வாங்கப்பட்டது, யாரிடம் இருந்தது, யாருக்கு எதிராகப் பயன்பட்டது?’ என்பது. போலிக் கையெழுத்தைவிட, சத்தியமான கையெழுத்துதான் அதிகம் பேரை அழித்திருக்கிறது.

4

1957 தேர்தலில் அண்ணா தன் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் நின்றார். என்.எஸ்.கே. வந்து பேசினார். எதிர்த்து நின்ற வேட்பாளர் ஒரு டாக்டர். கூட்டத்தில் அந்த டாக்டரை வானளாவப் புகழ்ந்துவிட்டு, ‘இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிட்டா நாளைக்கு ஒங்களுக்கு யாரு வைத்தியம் பார்ப்பாங்க? அதனால அண்ணாவை அனுப்பிவைங்க’ என்கிற மாதிரி முடித்ததாகக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அண்ணா ஜெயித்தார். அடுத்த சில மாதங்களில் என்.எஸ்.கே. போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சுக்குக் கையெழுத்துப் பிரதி கிடையாது. ஊர் வாய்தான் ஆவணம். ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், சொல்லச் சொல்ல மெருகேறும். சந்தையில் இதற்கு விலை இல்லை. ஆனால் ஒரு சிரிப்பு நடிகர் விட்டுப்போனவற்றில், அதிகாரத்தின் பெட்டிக்குள் போகாமல் கேட்டவர்களிடமே தங்கிவிட்டது இது ஒன்றுதான்.

கேட்டவர்கள் யார்? பெரும்பகுதி தறிக்காரர்கள். அவர்களுக்குக் கையெழுத்து என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. காஞ்சிபுரத்திலும் தாமல் மாதிரி அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டுத்தறியின் கணக்கு எப்படி நடந்தது? பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க வேண்டும். கல்யாணம், சாவு, மழைக்காலம் என்று வந்தால் முன்பணம். ‘அட, ஒரு கையெழுத்துதானே, போடுப்பா.’ போட்டால் பாக்கி தீரும்வரை தறி அவருக்குத்தான். கணக்கு நோட்டு யாரிடம்? முதலாளியிடம். கூட்டுறவுச் சங்கங்கள் வந்து இந்த நிலையை ஓரளவு மாற்றின. சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு நோட்டு அதே நோட்டுதான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் குழந்தைகள் பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. நாள்கணக்கில் நெய்து முடித்த புடவையில் நெய்தவரின் பெயர் எங்கும் இல்லை. பெட்டியில் கடையின் பெயர் இருக்கும். நெசவாளியின் பெயர் இருக்கிற ஒரே தாள், அவரைக் கட்டிப் போட்ட தாள்.

நடிகரின் முன்பணமும் நெசவாளியின் முன்பணமும் ஒன்றா என்று தோழர்கள் கேட்கலாம். ஒன்றில்லை. நடிகருக்குப் பேர் உண்டு, கார் உண்டு, பேரம் பேசும் பலம் கொஞ்சம் உண்டு. நெசவாளிக்கு இவை எதுவும் கிடையாது. ஆனால் வடிவம் ஒன்று: முன்னால் பணம், பின்னால் உழைப்பு, நடுவில் ஒரு தாள், தாள் கொடுத்தவரிடம். வடிவேலு மீது தயாரிப்பாளர் சங்கம் போட்டிருந்த தடை 2021இல்தான் நீங்கியது. அதில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நடித்து முடிக்காத ஒரு படத்தின் தாள், பல ஆண்டுகள் ஒருவரைத் திரைக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதைத்தான் அது காட்டியது.

இந்த இடத்தில் ‘கிந்தனா’ரைத் திரும்ப வாசிக்கலாம். அண்ணா எழுதி 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் இடம்பெற்ற காலட்சேபம் அது. நந்தன் சிதம்பரத்துக்குப் போனார், நெருப்பில் முடிந்தார். கிந்தன் பட்டணத்துக்குப் போகிறான், படிக்கிறான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். புராணத்தைக் கவிழ்த்த வேகம் இன்றும் குறையவில்லை. இன்ஸ்பெக்டர் என்பவர் யார்? பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அதாவது, தாள் மற்றவர்களிடமிருந்து தன்னிடம் வரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த சாதியிலிருந்து ஒருவன் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்க வருகிறான் என்பதுதான் அந்தச் சிரிப்பின் உள்ளே இருந்த வெடி. அதே சமயம், கிந்தன் ஒருவன் மேலே போய்விட்ட பிறகு சேரியில் மிச்சமிருந்தவர்களின் கைநாட்டு என்னவாயிற்று என்ற கேள்வியையும் நாம் விடக் கூடாது. திராவிட இயக்கத்தின் சிரிப்பு எதைத் தொட்டது, எதைத் தொடாமல் நின்றது என்பதை அளக்க இந்தக் காலட்சேபம் நல்ல அளவுகோல். தொடாமல் விட்டதன் பலனைத் தமிழ்ச் சினிமாவில் பார்க்கலாம்: ‘கைநாட்டு’ என்ற சொல்லே காமெடி வசனத்தில் வசவாகிப்போனது. அதிகாரம் கையெழுத்து வாங்கும். வாங்கியபின் கைநாட்டைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும்.

என்.எஸ்.கே. பற்றி இன்னொரு கதை உண்டு. வருமானவரி அதிகாரி கணக்கைப் பார்க்கும்போது செலவுப் பக்கத்தில் ‘தர்மம்’, ‘தர்மம்’ என்று வந்துகொண்டே இருந்ததாம். எதற்கும் ரசீது கிடையாதாம். கதை நடந்ததோ, கட்டியதோ, அதன் பொருள் தெளிவாக இருக்கிறது. கொடுத்ததற்கு வாங்கியவனிடம் கையெழுத்து வாங்கவில்லை. தாள் தன்னிடம் இருக்கும்படி ஒரு தடவைகூட வைத்துக்கொள்ளாத ஆள். வள்ளல் என்று சொல்லி இதைக் கடந்துவிடாமல், கையெழுத்து வாங்க மறுத்த செயலாக வாசிக்க வேண்டும். ஏழையிடம் கையெழுத்து வாங்குவது ஏழையைப் பிடித்து வைப்பது என்பது, சிறைக்குப் போய் வந்த அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

5

அப்படியானால் சேகரிக்கவே வேண்டாமா? வேண்டும். இப்போது சேகரிப்பதைவிட நிறையச் சேகரிக்க வேண்டும். ஆனால் வேறு விதமாக.

நமக்கு முன்னோடிகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் நூலகமாக்கியது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் படம் படமாகப் பெயர்களையும் தேதிகளையும் ஸ்டில்களையும் சேர்த்தார். 2002இல் தமிழக அரசு அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. 2016இல் அவர் இறந்தார். இருவரும் அரிய பொருள் என்று எதையும் தனியே எடுத்து மாலை போடவில்லை. நோட்டீஸும் காவியமும் ஒரே அலமாரியில். சிரிப்பு நடிகர் விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது இந்தச் சமத்துவத்தைத்தான்.

ஆனால் இந்த இரண்டு சேகரிப்புகளின் பலமும் அச்சடித்த தாள். ஒப்பந்தமும் புரோநோட்டும் சம்பளப் பட்டியலும் ரகசியத் தாள்கள். மூடிப்போன கம்பெனிகளின் பீரோக்களிலும் வக்கீல் குமாஸ்தாக்களின் வீட்டுப் பரணிலும் நடிகர் குடும்பங்களின் டிரங்குப் பெட்டியிலும் கரையான் தின்றுகொண்டிருப்பவை. இவற்றைத் தேடிப் போகிறவர்கள் நான்கு காரியம் செய்யலாம். கையெழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் கிழித்து வாங்காமல் முழுத் தாளையும், முடிந்தால் முழுக் கோப்பையும் காப்பாற்ற வேண்டும். தாள் யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பாதைதான் பாதி வரலாறு. ஒரு நகலை நடிகர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ எதில் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலாக அப்போதுதான் படிப்பார்கள். நான்காவது, பெரிய பெயர்களோடு நிறுத்தாமல், கூட நின்று அடி வாங்கிய, வழுக்கி விழுந்த, உருவத்துக்காகவே கேலி செய்யப்பட்டு நாள்கூலி வாங்கிய துணை நடிகர்களின் சம்பளப் பட்டியலைத் தேட வேண்டும். அதில் பல வரிகளில் கைநாட்டுதான் இருக்கும். அதுவும் கையெழுத்துதான்.

இதெல்லாம் பழம்பொருள் ஆராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. சினிமாவில் இடம்பெறச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை பொருந்தாது என்று அதே பிரிவு சொன்னது. 2012 திருத்தம், எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்ட நடிகர் தயாரிப்பாளரின் உரிமையைத் தடுக்க முடியாது என்றது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்றும் சேர்த்தது. அதாவது எல்லாம் மறுபடியும் அந்த ஒரு தாளில் வந்து நிற்கிறது. நாகேஷின் ஓட்டமும் மனோரமாவின் குரலும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு விளம்பரத்துக்கும் கைப்பேசிக்கும் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், எதற்குச் சம்மதித்தார்கள், எதற்குச் சம்மதிக்கவில்லை என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தப் பழுப்புத் தாள்களில் மட்டுமே இருக்கிறது. தயாரிப்பாளரிடம் அது பத்திரமாக இருந்தால் அவருக்கு லாபம். கரையான் தின்றாலும் அவருக்கே லாபம்.

ஆகவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவதற்கு ஒரு கையெழுத்து கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் மாட்டுவதற்கு முன்பு தாளைத் திருப்பி, முதல் வரியிலிருந்து ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒரு நகல் எடுத்துப் பொது நூலகம் ஒன்றுக்கு அனுப்புங்கள்.